நியூட்ரலில் ஒரு சத்தியம்

எங்கள் ஃபோன் குரூப்பில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். எல்லோரிடமும் இருப்பது ஒரே வண்டிதான், தொண்ணூற்று நாலாம் வருஷத்துக் கொரியக் கார். மற்ற நாடுகளில் அதைப் பழைய இரும்புக் கடையில் தேட வேண்டும், ஜோர்தானில் அது இன்னும் கல்யாண ஊர்வலம் போகிறது. ஆறு வருஷமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். அதில் நான் முகம் பார்த்தது மூன்று பேரைத்தான், மற்றவர்கள் எனக்கு வெறும் குரலும் வண்டிப் படமும்தான். ரம்தா ஊர்க்காரன் ஃபவ்வாஸின் அப்பா இறந்தபோது ஃபோனிலேயே அவனோடு சேர்ந்து அழுதேன். அவன் தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. வண்டி வந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

நான் மலைமேல் இருக்கும் கரக் ஊரில் பிரேக் வேலை பார்க்கிறவன், அபூ ஸனத் என்று கூப்பிடுவார்கள். என் வீட்டு மாடியில் குடியிருப்பவன் தைசீர், அதாவது ரகத்தின் அப்பா என்பதால் அபூ ரகத். அவனும் குரூப்பில் உண்டு. காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழே சாக்கடல் ஓரம் கோர் பள்ளத்தாக்கில் இருந்து தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றி வந்து கரக் சந்தையில் போடுவான். வண்டிக்குள் தலையை நீட்டினால் தக்காளி வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அடிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை, நவம்பர் முடிய ஒருநாள் பாக்கி. புதுப் பெட்ரோல் விலையை மாதக் கடைசி நாளில்தான் அறிவிப்பார்கள். மத்தியானம் ஃபவ்வாஸ் ஒரு வீடியோ போட்டான். எந்தப் பாலைவனமோ தெரியவில்லை, ஒரு கிறுக்கன் காரை இரண்டு சக்கரத்தில் சாய்த்து ஓட்டுகிறான். தூக்கி நிற்கிற கதவின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

"எல்லாரும் பாத்துக்கங்க," என்றான் ஃபவ்வாஸ். "நாளைக்கு விலை ஏறினா இதான் வழி. ரெண்டு சக்கரத்துல ஓட்டினா பாதிப் பெட்ரோல்."

"பெட்ரோல் எப்படிடா பாதியாகும்? டயர்தான் மிச்சம்," என்றான் அகபாக்காரன் ஒருவன்.

"அந்த டீக்கு யாரு காசு குடுத்தா? அதைச் சொல்லு முதல்ல."

"நேத்து நான் ஒரு தீனாருக்கு ஊத்தச் சொன்னேன். பங்க்ல மூடியைத் தொடைச்சுட்டு, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டான்."

அப்போது தைசீரின் குரல் வந்தது. "நீங்கள்லாம் சமவெளிக்காரங்க, உங்களுக்குப் பெட்ரோல் வேணும். எனக்கெதுக்கு? ஆண்டவன் எனக்குன்னு மலையைச் சாய்ச்சு வச்சிருக்கான். எஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல போட்டா வண்டி நேரா தக்காளித் தோட்டத்துல போய்த்தான் நிக்கும்."

"எங்க ஊர்ல ஒரு காலத்துல சிரியா எல்லை தாண்டி வந்த பெட்ரோல்ல வண்டி ஓடுச்சு," என்றான் ஃபவ்வாஸ். "கரக்ல வாயிலயே ஓடுது போல."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இறங்கிடுவே அபூ ரகத். திரும்ப ஏறி வர? கழுதை கட்டி இழுக்கறதா?" என்று போட்டு, நாலு சிரிக்கிற பொம்மையும் சேர்த்தேன். அதற்குக் கீழே இருபது பேர் சிரித்தார்கள்.

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. "என் பொண்டாட்டி மேல தலாக்! நாளைக்கு மட்டும் விலை ஏறட்டும், வர்ற வெள்ளிக்கிழமை கரக் மேட்டுலேர்ந்து சாக்கடல் வரைக்கும் எஞ்சினை அணைச்சே நான் இறங்காமப் போனா!"

எங்கள் பக்கத்தில் தலாக் சத்தியம் ஏலக்காய் மாதிரி, எல்லாக் காப்பியிலும் விழும். விருந்தாளி இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொள்ளாவிட்டால் தலாக், டாக்ஸிக்கு நீ காசு கொடுத்தால் தலாக். சொல்கிறவன் சோற்றைப் பிசைந்தபடியே சொல்வான், சம்பந்தப்பட்டவள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவள் வாழ்க்கை அன்றைக்கு எத்தனை முறை பந்தயத்தில் வைக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று நானும் சிரித்தேன்.

தைசீர் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மாதம் விலை இறங்கும் என்று காலையில் ரேடியோவில் யாரோ பேசியிருந்தார்கள். நடக்காத காரியத்தின் மேல் சத்தியம் செய்ய யாருக்குப் பயம்?

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அறிவிப்பு வந்தது. லிட்டருக்கு மூன்று குர்ஷ் காசு ஏறியிருந்தது.

குரூப் கொண்டாடியது. ஃபவ்வாஸ் ஒரு சவப்பெட்டிப் படம் போட்டு, அதற்கு நாலு சக்கரம் வரைந்திருந்தான். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் நேரலை. எல்லாரும் பாப்கார்ன் வாங்கி வச்சுக்கங்க." நான் பட்டறையில் கையில் கிரீஸோடு நின்று அதைப் படித்தேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் குரூப்பில் நாற்பத்தொரு பேருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தைசீரிடம் இருந்த மூன்று தலாக்கில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது.

முதலாவது, கல்யாணமான இரண்டாம் வருஷம். அவன் மனைவி ஹுயாம் கேட்காமல் மாதபாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள் என்று. இரண்டாவது, நாலு வருஷம் முன்பு மழையில் கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டாள் என்று. இரண்டு தடவையும் சாயங்காலத்துக்குள் அழுதான், கோர்ட்டில் பதிந்தான், இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடியும் முன்னே திருப்பி அழைத்துக்கொண்டான். மூன்றாவது விழுந்தால் அழைக்க வழியில்லை. அவள் வேறொருவனைக் கட்டி, அவனும் விட்டாலொழிய இவனுக்கு அவள் ஹராம்.

புதன்கிழமை காலை, ரகத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு ஹுயாம் பட்டறைக்கு வந்தாள். வெளியே மூடுபனி, எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை. இந்த வருஷத்து முதல் மழை காலையில்தான் தூறி நின்றிருந்தது. அவள் ஒருநாளும் பட்டறைக்குள் வந்தவள் இல்லை. ஜாக்கியில் ஏற்றியிருந்த வண்டிக்குப் பக்கத்தில், மேலே விழுந்துவிடுமோ என்பதுபோலத் தள்ளி நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எஞ்சினை அணைச்சுட்டா பிரேக் பிடிக்குமா?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திராட்சை இலையில அரிசி மடிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து ரூம்ல அவரு ஃபோனைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறாரு. என் பேரைச் சொல்லல. ஆனா அந்த ஆளுக்கு நான் ஒருத்திதானே பொண்டாட்டி." பிறகு மறுபடியும், "பிடிக்குமா?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முப்பது வருஷம் பிரேக் வேலை பார்த்த கை, பொய் வரவில்லை. "ரெண்டு தடவை, மூணு தடவை பிடிக்கும் தங்கச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி ஆயிடும். ரெண்டு காலையும் வச்சு அழுத்தினாக் கொஞ்சம் கேக்கும். ஸ்டீரிங்கும் கனத்துடும்."

"முப்பத்தியோரு வளைவு இருக்கு. காலையில படுத்தபடியே ஒவ்வொண்ணா நெனச்சு எண்ணினேன். மூணு போனா இருபத்தெட்டு." கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "நீங்க வண்டியைக் கெடுத்துடுங்கண்ணே. அவருக்குத் தெரியாம."

"எதைக் கெடுக்க? எஞ்சினே வேண்டாங்கறவன் வண்டியில எஞ்சினைக் கெடுத்து என்ன ஆகப்போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். "சாவியை ஒளிச்சு வைக்கலாம்னு பாத்தேன். ஒளிச்சா அவரு போகமாட்டாரு. போகலைன்னா அந்த வீட்ல நான் யாரு? போனா, ரகத்துக்கு அப்பா யாரு? எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளமா இருக்குண்ணே."

கிரீஸ் கையோடு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டேன். அவள் உட்காரவில்லை.

"போன தடவை நான் துணியை எடுத்து வச்சப்போ ரகத்துக்கு அஞ்சு வயசு. மாடிப்படியில உக்காந்துக்கிட்டு என் பையைக் கட்டிப் பிடிச்சிருந்தா. பேசல, அழல. பையை மட்டும் விடல. இப்ப அவளுக்கு ஒம்போது. எல்லாம் புரியும்."

"முஃப்தி ஆபீஸுக்குப் போவோம். இந்த மாதிரி சத்தியத்துக்கு அவங்க வழி சொல்வாங்க."

"அவரு வரணுமே. வாயிலேர்ந்து விட்டவருதான் வந்து சொல்லணுமாமே. நீங்க பேசுங்கண்ணே. நான் பேசினா அதுக்கும் ஒரு சத்தியம் பண்ணிடுவாரு."

சாயங்காலம் மாடிக்குப் போனேன். வாசலில் அவன் கார் நின்றது. வலது பக்கம் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் காணோம், அது இருந்த இடத்தில் இரண்டு வயர் தொங்கியது. கதவின் நீளத்துக்கு ஒரு கீறல், அதில் மலைக்கல்லின் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், புதுசு.

உள்ளே ஹுயாம் ரஷூஃப் வைத்திருந்தாள். பயறும் புளித்த தயிரும் சேர்ந்து கொதிக்கிற வாசனை குளிருக்கு இதமாக இருந்தது, ஆனால் யாரும் சாப்பிடுகிற மாதிரி இல்லை. ரகத் மட்டும் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து வைத்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தைசீரின் கரண்டி கிண்ணத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

அவனைப் பால்கனிக்குக் கூட்டிப் போனேன். "கண்ணாடி எங்கடா?"

"எங்கயோ இடிச்சது."

"பிரேக் வேலை பாக்கறவன்கிட்டயா சொல்றே?"

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மத்தியானம் சும்மா பாப்போம்னு மூணாவது வளைவுல அணைச்சேன். நாலாவதுல நல்லாப் பிடிச்சது. அஞ்சாவதுல மிதிக்கிறேன், மிதிக்கிறேன், எறங்கவே இல்ல. எதுக்க தண்ணி லாரி. மலைச்சுவத்துல ஒரசி நிறுத்தினேன். அங்கேயே உக்காந்து வாந்தி எடுத்தேன் அபூ ஸனத். லாரிக்காரன் இறங்கி வந்து, பொண்டாட்டி புள்ள இருக்கான்னு கேட்டான்."

"அப்ப போகாதே."

"போகலைன்னா அவ எனக்கு இல்லையே."

"முஃப்தியைப் பாப்போம். நாளைக்கு விட்டா ஆபீஸ் லீவு."

"வரிசையில நின்னு, ஊரான் எதுக்க ஃபோனை வச்சு அந்த வாய்ஸைப் போட்டுக் காட்டச் சொல்றியா? ஃபவ்வாஸ் காதுல விழுந்தா ஆயுசு முழுக்க விடமாட்டான்."

"யாருடா ஃபவ்வாஸ்? அவன் குட்டையா நெட்டையான்னாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான். ஆனா கேப்பானே!"

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஏனென்றால் அவன் சொன்னது எனக்கும் விளங்கியது. நானே அவனிடத்தில் இருந்தாலும் அந்த முகம் தெரியாத நாற்பது பேரின் சிரிப்புக்குத்தான் கூசியிருப்பேன்.

பின்னால் கதவு திறந்தது. ஹுயாம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அபூ ரகத், அந்தப் பின்சீட்டு கீழ ஸ்டோர்லதானே கிடக்கு?"

"ஆமா. ஏன்?"

"எடுத்து மாட்டுங்க. வெள்ளிக்கிழமை நானும் ரகத்தும் வர்றோம்."

"பைத்தியமா உனக்கு?"

"நீங்க கீழ போய்ச் சேரலைன்னா நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன பண்ண? இறங்கினா மூணு பேரும் இறங்குவோம். இல்லைன்னா நாளைக்குக் காலையில முஃப்தி ஆபீஸ்." குரலை உயர்த்தவே இல்லை. "சீட்டா, ஆபீஸா? சொல்லுங்க. கொண்டைக்கடலை ஊறப் போட்டமாதிரி எத்தனை நேரம் ஊறுவீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆபீஸ்," என்றான்.

வியாழக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. முஃப்தி ஆபீஸ் மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் கேஸ் அடுப்பு மாதிரி ஒரு ஹீட்டர் எரிந்தது, அதைச் சுற்றி ஆறேழு ஆண்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு. எங்களுக்கு முன்னால் போனவனுடைய சத்தியம் விருந்தில் ஆட்டுத்தலையை யாருக்கு வைப்பது என்பதைப் பற்றி. கதவு சரியாகச் சாத்தாததால் எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

முஃப்தி என் வயதுக்காரர், சளி பிடித்திருந்தது. தைசீர் ஃபோனை மேஜைமேல் வைத்துத் தன் குரலைப் போட்டான். அந்தச் சின்ன அறையில் அது பெரிதாகக் கேட்டது. அவர் இரண்டாம் தடவை போடச் சொன்னார். அவன் போட்டான். ஹுயாம் நாற்காலி நுனியில் இருந்தாள், விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

"இதுக்கு முன்னாடி?" என்றார் முஃப்தி.

"ரெண்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைச் சொன்ன நேரத்துல உன் மனசுல என்ன இருந்தது? இவளை விடணும்னு இருந்ததா? நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்குச் சொல்லல நீ, படைச்சவனுக்குச் சொல்றே. நீ சொல்றதை வச்சுத்தான் நான் எழுதுவேன். பொய் சொன்னா அந்தக் காகிதம் உன்னைக் காப்பாத்தாது."

தைசீர் மேஜைமேல் இருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். நான் என் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்கத் தைரியம் இல்லை.

"விடணும்னு இல்ல ஷேக்," என்றான் கடைசியில். "சத்தியமா இல்ல. அவனுங்க சிரிச்சானுங்க. அவனுங்க வாயை அடைக்கணும். அவ்வளவுதான். அப்ப எனக்கு இவ ஞாபகமே இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல. ஒரு மயிரளவுகூட இல்ல. ஆண்டவன் மேல ஆணையா."

முஃப்தி மூச்சை விட்டார். பேனாவை எடுத்தார். "அப்போ இது வீம்புக்குச் செஞ்ச சத்தியம். நாளைக்கு நீ போகாதே, போறதுதான் பாவம். தலாக் விழாது. சத்தியத்தை முறிச்சதுக்குப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு."

என் நெஞ்சின் மேல் நின்ற வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினதுபோல இருந்தது. தைசீர் அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனான். நான் ஹுயாமைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டாள்தான். ஆனால் அவன் முகத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்த வார்த்தை எதுவென்று அவளும் கேட்டிருந்தாளே. நாலு நாளாக அவள் செத்துச் செத்துப் பிழைத்த காரியத்தில் அவள் இருந்ததே இல்லை.

முஃப்தி முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கேட்டுக்கோ. இன்னிக்கு, ஞாபகமில்லன்னு சொன்னே, நான் நம்பினேன். இந்த நாற்காலியில இவ பக்கத்துல உக்காந்து எழுந்ததுக்கு அப்புறம் அதைச் சொல்ல முடியாது. இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில வந்தா, தெரிஞ்சே வந்ததுன்னுதான் அர்த்தம். அப்ப என்கிட்ட வராதே. நேரா கோர்ட்டுக்குப் போ."

கீழே இறங்கி வாசல் கூரையடியில் மழைக்கு ஒதுங்கினோம். தைசீருக்கு உயிர் திரும்பிவிட்டது, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான். அவள் முத்திரை குத்திய காகிதத்தைப் பைக்குள் வைத்தாள். ஃபோன் கிணுகிணுத்தது. அவன் எடுத்து, வந்த குரலைப் போட்டான். ஃபவ்வாஸ்தான்.

"என்ன கரக்கு, மழை பெய்யுது போலிருக்கே? நாளைக்கு ரோடு வழுக்கும்னு காரணம் ரெடி பண்ணிட்டியா? எனக்கு முன்னாடியே தெரியும், நீ பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துடுவேன்னு!"

அதன் அடியில் சிரிக்கிற பொம்மைகள் மளமளவென்று விழுந்தன. தைசீரின் காது சிவந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி, யோசித்துச் செய்தானா என்றால் இல்லை, தும்மல் வருகிற மாதிரிதான் வந்தது. பொத்தானை அழுத்தி ஃபோனை வாயருகே கொண்டுபோனான்.

"யாருடா படுக்கறவன்? என் பொண்டாட்டி மேல த—"

ஹுயாமின் உள்ளங்கை அவன் வாயில் அறைந்து விழுந்தது. பை கீழே விழுந்து காகிதமெல்லாம் தண்ணீரில் போயிற்று. அவன் தலை சுவரில் இடித்தது. அவள் கையை எடுக்கவில்லை, இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். அவன் கண்கள் இரண்டும் அவள் கைக்கு மேலே பெரிதாக விழித்தன. தான் என்ன செய்யவிருந்தோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அண்ணே," என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "மேல போய்க் கேளுங்க. அவரு கிளம்பறதுக்குள்ள போங்க. பாதி சொன்னா விழுமான்னு கேளுங்க."

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. முஃப்தி கோட்டை மாட்டிக்கொண்டு மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் சாவியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"எந்த எழுத்து வரைக்கும் சொன்னான்?"

"முதல் எழுத்து. அதுக்குள்ள அவ வாயைப் பொத்திட்டா."

"விழல," என்றார். பிறகு, "இப்ப அவ கை எங்க இருக்கு?"

"அவன் வாய் மேலதான்."

"அங்கயே இருக்கட்டும்னு சொல்லு."

கீழே வந்தேன். நான் விட்டுப்போன இடத்திலேயே இருவரும் நின்றார்கள். தெருவில் போகிறவர்கள் குடைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போனார்கள். கரக்கில் ஒரு பெண் நடுத்தெருவில் புருஷன் வாயைப் பொத்தி நிற்பதை யாரும் பார்த்ததில்லை. தைசீர் அசையவில்லை, அவன் கண்ணீர் அவள் விரல்மேல் ஓடியது. ஃபோன் அவன் கையில் மறுபடியும் மறுபடியும் கிணுகிணுத்தது.

"விழல தங்கச்சி," என்றேன். "ஒண்ணும் விழல. கையை எடு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். உடம்பு முழுக்க நடுங்கியது, கை மட்டும் நடுங்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை முடியட்டும் அண்ணே," என்றாள். "அப்புறம் எடுக்கறேன்."